நெல் வெட்டிய வயலில் பயறு: யாழ்ப்பாணத்தில் முதல் தடவை விதைக்கிறவர்களுக்கு

தென்மராட்சியில் அம்மாவின் சீதனக் காணி எட்டுப் பரப்பு வயல். காலபோக நெல்லை, அதாவது மாரி மழையை நம்பிச் செய்கிற நெல்லை, குத்தகைக்காரர் செய்வார். தையில் வெட்டி முடிந்ததும் அடுத்த புழுதி உழவு வரைக்கும் அது சும்மா கிடக்கும். மாடு மேயும், பொடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள். 2023இல் எனக்கு ஒரு யோசனை வந்தது: கிடக்கிற ஈரத்தில் பயறு போட்டால் என்ன? கடையில் கணக்கு எழுதுகிறவன் நான், கமம் தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் "பயறுதானே, எறிஞ்சுபோட்டு வா" என்றார்கள். எறிந்துபோட்டு வந்தேன். 6 கிலோ விதை போட்டு 31 கிலோ எடுத்தேன். செலவுக் காசுகூடத் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் அதே வயலில் 92 கிலோ வந்தது. மண்ணும் மழையும் பெரிதாக மாறவில்லை. மாறியது நான் வேலையைத் தொடங்கிய மாதம். முதல் வருடம் நெல் வெட்டிய பிறகு ஓடித் திரிந்தேன். இரண்டாம் வருடம் கார்த்திகையிலேயே தொடங்கினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னைப்போல ஒரு போகத்தைப் பலி கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முதலில் ஒரு கலண்டரை எடுங்கள். சித்திரை வருடப்பிறப்பைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்கு முன் உங்கள் பயறு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். காரணம் இரண்டு. சித்திரையில் பின்னேர மழை எட்டிப் பார்க்கும். முற்றிய நெற்று நனைந்தால் மணி கறுக்கும், செடியிலேயே முளைக்கும். மற்றது, வருடப்பிறப்புக் கிழமையில் பறிக்க ஆள் கிடைக்காது. எவ்வளவு கூலி கொடுத்தாலும் கிடைக்காது.

பயறு 60 முதல் 70 நாள் பயிர். பங்குனி கடைசியில் பறிப்பை முடிக்க வேண்டுமென்றால் தை மாதம் முடிவதற்குள் விதை மண்ணுக்குள் போக வேண்டும். அப்படியென்றால் நெல் தை நடுப்பகுதியில் வெட்டப்பட வேண்டும். அது நீங்கள் பயறு விதைக்கும்போது முடிவாகிற விடயம் அல்ல. புரட்டாதியில் நெல் விதைக்கும்போதே முடிவாகிவிடும். குத்தகைக்காரர் மூன்றரை மாத நெல் போட்டாரா, நாலு மாத நெல் போட்டாரா என்று அப்போதே கேட்டு வையுங்கள். நாலு மாத நெல் பிந்தி விதைத்த வயல் என்றால் அந்த வருடம் பயற்றை மறந்துவிடுங்கள்.

நெல் வெட்டிய பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஏழு, எட்டு நாள். தை வெயிலும் வடகீழ்க் காற்றும் சேர்ந்தால் களிப்பிடிப்பான வயல் பத்தாம் நாள் பாளம் பாளமாக வெடிக்கும். அதற்குப் பிறகு போடுகிற விதை காகத்துக்குத்தான். நான் முதல் வருடம் விதைத்தது பதினாறாம் நாள்.

2. காணியும் கடதாசியும்

சொந்தக் காணியே என்றாலும், நெல்லை வேறொருவர் செய்கிறார் என்றால் அவரோடு பேசாமல் இறங்க வேண்டாம். கமநல அபிவிருத்திச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், வயற்காணிக் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. நெல் வெட்டிய பிறகு வருகிற இடைப்போகத்தில் நீங்கள் உழுவதைப் பார்த்து "என்னை எழுப்பப் பார்க்கிறார்" என்று அவர் நினைத்தால் விடயம் கந்தோர் வரைக்கும் போகும். நான் அவரைப் பங்காளியாகவே சேர்த்துக்கொண்டேன். உழவுக்கு அவருடைய ஆள், விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு. இதை முதல் வருடமே செய்திருந்தால் மாட்டுக் கதை வந்திருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காணி உங்களுடையது இல்லை என்றால் இதே சட்டம் மறுபக்கமாக வேலை செய்யும். சொந்தக்காரர் எழுத்தில் எதுவும் தரப் பயப்படுவார். அவரை நெருக்காதீர்கள். "இன்ன வருடத்து இடைப்போகத்துக்கு மட்டும், பயறு விதைக்க, இன்ன திகதி வரை" என்று ஒரு பக்கக் கடிதம் போதும். இரண்டு பக்கத்துக்கும் அதுதான் நிம்மதி. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காகக் கையெழுத்துப் போடுகிற அதிகாரம், யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கையெழுத்து அந்த அதிகாரம் உள்ளவருடையதாக இருக்க வேண்டும். சித்தப்பா பார்க்கிறார், மச்சான் பார்க்கிறார் என்ற வாய்ச்சொல் விளைச்சல் வரும்வரைக்கும்தான்.

கமநல சேவை நிலையத்தில் என்னிடம் கேட்டவை: அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதிப் பிரதி அல்லது குத்தகைக் கடிதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், கமக்காரர் அமைப்பின் உறுப்புரிமை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். கமக்காரர் அமைப்பில் சேர்வதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அங்கே கூட்டம் எப்போது நடக்கும் என்பது தலைவருக்கே சில வேளை தெரியாது. எனக்கு அந்த ஒரு கையெழுத்துக்கு ஐந்து கிழமை போனது. ஆகவேதான் கார்த்திகை என்கிறேன்.

இன்னொரு குழப்பம். கமநல சேவை நிலையத்தில் இருக்கிற எல்லாரும் ஒரே திணைக்களம் இல்லை. பதிவு, கமக்காரர் அமைப்பு, மானியப் பட்டியல் எல்லாம் கமநல அபிவிருத்தி உத்தியோகத்தரின் வேலை. பயிர், நோய், விதை பற்றி ஆலோசனை சொல்கிற விவசாயப் போதனாசிரியர் மாகாண விவசாயத் திணைக்களத்து ஆள். பல இடங்களில் இருவரும் ஒரே வளவுக்குள் இருப்பார்கள். நான் இரண்டு தடவை பிழையான மேசையில் அரை நாள் இருந்துவிட்டு வந்தேன். போதனாசிரியர் வயல் பார்க்கப் போகிற நாள், கந்தோரில் இருக்கிற நாள் என்று கிழமையைப் பிரித்து வைத்திருப்பார். அதை வாசலில் ஒட்டியிருக்கும், படம் பிடித்து வையுங்கள்.

பரப்புக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. தோட்டக்காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர். அது வரகுப் பரப்பு, பதினெட்டுக் குழி (குழி என்பது பழைய நில அளவு). வயற்காணியில் பழைய உறுதிகள் நெற்பரப்புக் கணக்கில் இருக்கும். அது பன்னிரண்டு குழி, 24 பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். என் எட்டுப் பரப்பை அரை ஏக்கர் என்று எண்ணி 6 கிலோ விதை வாங்கினேன். உண்மையில் அது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. 4 கிலோ போதும். செடி நெருங்கி, உயர்ந்து, காய் குறைந்து போனதற்கு இது ஒரு காரணம். விதை, பசளை, மருந்து மூன்றும் ஏக்கர்க் கணக்கில்தான் சொல்லப்படும். உறுதியை எடுத்து எந்தப் பரப்பு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

3. மாடு

இதற்குத் தனித் தலைப்பு வேண்டும். நெல் வெட்டியதும் வயல்வெளி எல்லாருக்கும் பொது மேய்ச்சல் என்பது எங்கள் ஊர்களின் எழுதாத சட்டம். நீங்கள் மட்டும் நடு வெளியில் எட்டுப் பரப்பில் பச்சையாக எதையாவது வளர்த்தால், கட்டாக்காலி மாடுகள் நாலு மைலுக்கு அப்பாலிருந்தும் வரும்.

"தம்பி, உன்ர வயலில மாடு நிக்குது" என்று பக்கத்து வயல் அப்பு தொலைபேசி எடுத்தபோது காலை ஆறு மணி. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மூலை முழுதும் மொட்டை. "ஆரின்ர மாடு அப்பு?" என்று கேட்டேன். "மாட்டைக் கேள்" என்றார்.

செய்ய வேண்டியது இது. பக்கத்துக் காணிக்காரர் குறைந்தது நாலைந்து பேரையாவது சேர்த்து ஒரே துண்டாக விதையுங்கள். அதைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் மார்கழிக்கு முன்னரே சொல்லி, கூட்டக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். மாடு கட்ட வேண்டிய திகதி நெல்லுக்கு வைப்பதுபோல இடைப்போகத்துக்கும் வைக்கலாம். ஆனால் கேட்டால்தான் வைப்பார்கள். எழுத்தில் இருந்தால் கிராம அலுவலரிடமும் பிரதேச சபையிடமும் போய்ப் பேச வாய் இருக்கும். இரண்டாம் வருடம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இரண்டு ஏக்கருக்குக் கிட்ட விதைத்தோம். பழைய மீன்வலையும் கதியால் தடியும் வைத்து ஓரம் அடைத்தோம். என் பங்குக்கு 1,500 ரூபா. மயிலுக்கு வலை போதாது. முளைக்கிற முதல் பத்து நாள் விடியவும் பின்னேரமும் யாராவது நிற்க வேண்டும்.

4. எதை விதைப்பது

நெல் வயலின் மிச்ச ஈரத்தில் முதல் தடவை என்றால் பயறுதான். நாள் குறைவு, விதை எங்கும் கிடைக்கும், விற்காவிட்டால் வீட்டில் தின்னலாம். பொங்கலுக்கு வறுத்துப் போடவும் பயற்றம் பணியாரத்துக்கும் ஆடிக்கூழுக்கும் எந்த வீட்டிலும் பயறு செலவாகும்.

உழுந்துக்கு 70 முதல் 80 நாள் வேண்டும். களிமண்ணைப் பயற்றைவிடப் பொறுக்கும், விலையும் மேல். இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தில் உழுந்து கிலோ ஆயிரம் ரூபாவைத் தாண்டிப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தோசை சுடுவதையே நிறுத்திய வீடுகள் உண்டு. ஆனால் அந்தப் பத்து நாள் கூடுதல் சித்திரை மழைக்குள் உங்களைத் தள்ளும். நெல் முந்தி வெட்டுகிற வயலுக்கு மட்டும் உழுந்து. கௌப்பி வரட்சியைத் தாங்கும், தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்ற வழியில்லாத காணிக்கு அது நல்லது. கச்சானைக் களி வயலில் போட வேண்டாம். பூத்த பிறகு காம்பு மண்ணுக்குள் இறங்கித்தான் காய்க்கும். இறுகிய மண்ணில் இறங்காது, இறங்கினாலும் கிண்ட முடியாது. அது வடமராட்சி, பச்சிலைப்பள்ளி மணலுக்கு உரிய பயிர்.

மைசூர்ப் பருப்பை விதைத்தால் என்ன என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வராது, அது குளிர்ப் பயிர். தினமும் சோற்றோடு தின்கிற அந்தப் பருப்பு முழுதும் கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து டொலர் கொடுத்து வருகிறது. பயற்றில் நூற்றுக்கு 24 பங்கு அளவு புரதம். அரிசியில் ஏழு, எட்டுத்தான். எங்கள் வயலில் மூன்று மாதம் சும்மா கிடக்கிற இடத்தில் இது விளையும் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

கடல்நீரேரிக் கரையில் உள்ள வயல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அராலி, நாவற்குழிப் பக்கம் போல உவர் ஏறுகிற நிலத்தில் மாசியில் மண்மேல் வெள்ளை பூக்கிறதா என்று பாருங்கள். பூத்தால் பயறும் உழுந்தும் வேண்டாம், இரண்டும் உப்புக்கு ஆகாத பயிர்.

5. விதை

கடையில் சமையலுக்கு விற்கிற பயற்றை விதைக்காதீர்கள். அது எந்த இனம், எந்த வருடம், எங்கே விளைந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. செடி ஒன்று பூக்கும்போது மற்றது காய்க்கும், மூன்று பறிப்பு ஆறு பறிப்பாகும். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட எம்.ஐ. 5, எம்.ஐ. 6 இனங்களைக் கேளுங்கள். எம்.ஐ. என்பது மகா இலுப்பள்ளம் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். எம்.ஐ. 6 நாள் குறைந்தது, எங்கள் ஈரத்துக்கு அது வசதி. போதனாசிரியரிடம் மார்கழி முதற்கிழமையே பெயர் கொடுத்து வையுங்கள். தையில் கேட்டால் "முடிஞ்சுது" என்பார்கள்.

வரிசையாகப் போட்டால் ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ. வீசினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

வாங்கியதும் 100 மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். நாலாம் நாள் 85க்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை. 70 என்றால் விதையைக் கூட்டிப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் வந்தால் திருப்பிக் கொடுக்க முடியாது. முதல் வருடம் நான் அப்படித்தான் நின்றேன்.

6. உழவும் ஈரமும்

வெட்டு மிசின் வருகிற நாளே உழவு மிசினுக்கும் சொல்லி வையுங்கள். மிசின்காரர் "நாளைக்கு வாறன் அண்ணை" என்றால் அது மூன்று நாள். ஆகவே முற்பணம் கொடுத்துத் திகதி பிடியுங்கள்.

வைக்கோலைக் கொளுத்த வேண்டாம். கட்டி எடுக்கிறவர் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் ஒதுக்கி, விதைத்த பின் மெல்லியதாகப் பரப்புங்கள். ஈரத்தை அது காக்கும்.

உழுவதற்கு முன் நாலு விரல் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகி, பெருவிரலால் அமர்த்தினால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். ஒட்டுகிற பதத்தில் மிசின் இறக்கினால் கட்டி கட்டியாகக் காயும். உருண்டையே பிடிக்காவிட்டால் கிணற்றிலிருந்து ஒரு தடவை தண்ணீர் விட வழி இருந்தால் மட்டும் தொடருங்கள்.

ஒரு தடவை ரொட்டவேற்றர் போதும். ஆழமாகப் புரட்டினால் ஈரம் பறக்கும். உழுத அன்றே, வெயில் தாழ, விதையுங்கள். வரிசைக்கு வரிசை ஓர் அடி, செடிக்குச் செடி நாலு விரல், ஆழம் ஓர் அங்குலம். கயிறு கட்டி வரிசையாகப் போட ஒரு ஆள் கூலி கூடச் செலவாகும், ஆனால் களை பிடுங்கும்போது அது இரட்டிப்பாகத் திரும்பி வரும். விதைத்த பின் ஒரு பனை மட்டையில் கல் வைத்து இழுத்து மூடுங்கள். வாய்க்காலை அடைத்து விடாதீர்கள். மாசியில் தப்பித்தவறி ஒரு மழை பெய்தால் தண்ணீர் ஓட வேண்டும். பயற்றின் காலில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் இலை மஞ்சளாகும்.

7. பசளையும் வேர்முடிச்சும்

"பயறு தானே பசளை செய்யும்" என்று சொல்வார்கள். பாதி உண்மை. வேரில் குடியேறுகிற றைசோபியம் பக்டீரியா காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். அதற்குக் கூலியாகச் செடி சீனியைக் கொடுக்கும். ஆனால் அது தொடங்க மூன்று கிழமை வரை எடுக்கும், அதற்குப் பொசுபரசும் வேண்டும். ஆகவே அடிக்கட்டாக, அதாவது விதைக்கும்போதே, ஏக்கருக்கு 40 கிலோ அளவில் டி.எஸ்.பி. (பொசுபரசுப் பசளை), கொஞ்சம் பொட்டாஷ், ஆரம்பத்துக்கு 14 கிலோ அளவில் யூரியா. சரியான அளவை உங்கள் மண்ணைப் பார்த்துப் போதனாசிரியர் சொல்வார்.

பொறி யூரியாவில்தான் இருக்கிறது. செடி கொஞ்சம் வெளிறினால் உடனே யூரியா எறிகிற பழக்கம் எங்கள் தோட்டங்களில் உண்டு. பயற்றுக்கு அப்படி எறிந்தால் வேர்முடிச்சு வேலை நிறுத்தம் செய்யும். மண்ணில் சும்மா கிடைக்கிற நைதரசனை விட்டுச் செடி ஏன் சீனி கொடுக்கப் போகிறது? செடி காடாக வளரும், காய்க்காது. முதல் வருடம் எனக்கு நடந்தது இதுவும்தான்.

30ஆம், 35ஆம் நாளில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு எடுத்து, தண்ணீரில் அலசுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நிற்கும், பிறகு "ஒண்டுமில்லை" என்று நினைப்பீர்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை, சாம்பல் என்றால் நடக்கவில்லை. பயறு, கௌப்பிக்கு உரிய பக்டீரியா எங்கள் மண்ணில் பொதுவாகவே இருக்கும், தனியாக வாங்கிக் கலக்கத் தேவை வருவது குறைவு. சோயாவுக்கு அப்படியல்ல, அதற்கு உரிய இனத்தைக் கலந்தே ஆக வேண்டும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது காசை வைத்துக்கொண்டு யூரியாவுக்கு அலைந்தவர்களுக்கு இந்தச் சின்னச் சிவப்பு முடிச்சின் பெறுமதி விளங்கும். வலிகாமத்துக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் சுண்ணக்கல்லுக்குள் யூரியா இறங்கினால் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குத்தான் போகும். குடிநீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய தோட்டக் கிணறுகள் அங்கே பல. வெங்காயத்துக்கு முன் சணல் விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுகிற வழக்கம் அங்கே ஏன் இருக்கிறது என்று யோசியுங்கள். சணலும் பயற்றின் இனம்தான்.

8. முதல் முப்பது நாள்

களை: 15ஆம் நாளும் 28ஆம் நாளும். சிந்திய நெல் முளைப்பதுதான் எங்கள் வயலில் முதல் களை. ஒரு மாதம் தாண்டினால் செடி நிலத்தை மூடிவிடும், பிறகு உள்ளே இறங்கினால் பூ உதிரும்.

சிறு செடி காரணமில்லாமல் வாடினால் தண்டை அடியில் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது அவரை ஈயின் வேலை. முதல் மூன்று, நாலு கிழமைதான் அதன் காலம்.

இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது சத்துக் குறைவு அல்ல, மஞ்சள் சித்திர வடிவ நோய், வைரசு. வெள்ளை ஈ காவிக்கொண்டு வரும். மருந்தால் அந்தச் செடி சுகப்படாது. கண்ட அன்றே பிடுங்கி, பையில் போட்டு, வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். நான் "பார்ப்போம்" என்று ஒரு கிழமை விட்டேன். மூன்று செடி நாற்பதானது.

பூக்கிற காலத்தில் பூவையும் பிஞ்சையும் நூலால் பிணைத்து உள்ளே இருந்து தின்கிற புழு வரும். மருந்துக் கடையில் "பயத்துக்குப் புழு" என்று மட்டும் சொன்னால் அவர் கையில் கிடைக்கிறதைத் தருவார். போத்தலின் பெயர்த்துண்டில் பயறு வகை என்று இருக்கிறதா, விசிறி எத்தனை நாளின் பின் பறிக்கலாம் என்று வாசியுங்கள். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள். தமிழில் பேசலாம்.

தண்ணீர் விட வழி இருந்தால் பூக்கத் தொடங்கும்போது ஒரு தடவை, பிஞ்சு நிரம்பும்போது ஒரு தடவை. இந்த இரண்டும் நாலு தடவைக்குச் சமம்.

9. பறிப்பு

எல்லாம் ஒரே நாளில் முற்றாது. நெற்று கறுக்கக் கறுக்க இரண்டு அல்லது மூன்று பறிப்பு. காலை வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். மதியத்தில் கை பட்டாலே வெடித்து மணி சிதறும். பறிக்க வருகிற அக்காமாருக்கு நாள் கூலியா, கிலோக் கூலியா என்று முதலே பேசுங்கள். கிலோக் கூலி என்றால் பச்சைக் காயும் சேர்ந்து வரும்.

படங்கில் பரப்பி இரண்டு வெயில், பிறகு தடியால் அடித்து, சுளகால் புடைத்து, இன்னும் இரண்டு வெயில். பல்லில் வைத்துக் கடித்தால் "டக்" என்று உடைய வேண்டும். நசிந்தால் காயவில்லை.

செடியை வேரோடு பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. வேலை சுகம். ஆனால் இரண்டு மாதம் சேர்த்த நைதரசனைக் கையோடு கொண்டு போகிறீர்கள். காயை மட்டும் பறித்து, செடியை அப்படியே மடக்கி உழுங்கள். மாட்டுக்கு வேண்டுமென்றால் மேலால் அறுத்துக் கொடுங்கள், வேர் கிடக்கட்டும்.

10. என் கணக்கு

2024 இடைப்போகம், எட்டு நெற்பரப்பு. உங்கள் ஊர்க் கூலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உழவு 5,000. விதை 4 கிலோ 4,000. விதைப்புக்கு ஓர் ஆள் 3,000. களைக்கு நாலு பெண் ஆள், 1,800 படி 7,200. பசளை 3,500. மருந்து 2,400. வலை, கயிறு 1,500. பறிப்புக்கு ஆறு ஆள் 10,800. மொத்தம் 37,400 ரூபா.

92 கிலோவைக் கிலோ 700 என்று கணக்கிட்டால் 64,400. மிச்சம் 27,000. இதில் என் விடியற்காலைகளும் குத்தகைக்காரரின் பங்கும் கழிக்கப்படவில்லை. மூன்று மாதத்துக்குப் பெரிய காசு இல்லை. வெங்காயக்காரர் சிரிப்பார். ஆனால் வெங்காயத்தில் ஒரே போகத்தில் நகை அடைவு போன வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். இங்கே கைக்காசு நாற்பதாயிரத்துக்குள் முடிகிறது.

செலவில் பாதிக்குமேல் ஆள்கூலி என்பதைக் கவனியுங்கள். வீட்டில் இரண்டு பேர் இறங்கினால் கணக்கே வேறு. யாரும் இறங்க மாட்டார்கள் என்றால் நாலு பரப்போடு தொடங்குங்கள்.

11. வைத்திருப்பதும் விற்பதும்

பறித்த கிழமையே சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள். எல்லாரும் அப்போதுதான் கொண்டு வருவார்கள். சாவகச்சேரி, திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் என்று நாலு சந்தையிலும் ஒரு காலை சும்மா நடந்து விலை கேளுங்கள். ஒரு சந்தையில் நிறுத்த பிறகு கிலோக் கணக்கில் "கழிவு" என்று வெட்டினார்கள். காய்ந்த பயற்றில் என்ன கழிவு என்று கேட்டேன். "வழமை" என்றார்கள். அன்று தெரியாமல் கொடுத்துவிட்டு வந்தேன். நிறுக்கும் முன்னரே கேளுங்கள்.

வைத்திருந்தால் வண்டு வரும். அது களஞ்சியத்தில் மட்டும் தொற்றுவதில்லை, வயலிலேயே நெற்றில் முட்டை வைத்துவிடும்; நீங்கள் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருகிறீர்கள். நன்றாகக் காய வைத்து, ஆறிய பிறகு, மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பீப்பாவில் விளிம்புவரை நிரப்புங்கள். சமையலுக்கு வைப்பதில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறலாம். விதைக்கு வைப்பதில் எண்ணெய் வேண்டாம். சலித்த சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் போடுங்கள். சாக்கில் மட்டும் வைக்காதீர்கள். 2023இல் வந்த 31 கிலோவில் 9 கிலோ எனக்கு அப்படித்தான் மாவாய்ப் போனது.

நான் 92 கிலோவில் 12 கிலோவை விதைக்கும் வீட்டுக்கும் எடுத்தேன். 50 கிலோ சந்தைக்கு. மிச்சத்தை வறுத்து, உடைத்து, தோல் நீக்கி ஒரு கிலோப் பொதியாக அயலுக்குள்ளேயே கொடுத்தேன். பணியாரம் சுடுகிற ஒரு அக்கா ஆடி பிறக்கும் முன் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஆள் அனுப்பினார், இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த தையில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.